டெபியன் 13-க்கு மாறியதும் பிளாஸ்மா செட்டிங்ஸ் காணோம்: எதையும் அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. லினக்ஸ் விநியோகமான டெபியன் 12-இல் கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் சூழலை வைத்திருந்தீர்கள், லேப்டாப்போடு வெளியே ஒரு மானிட்டரும் இருக்கிறது. டெபியன் 13-க்கு அப்கிரேடு செய்து லாகின் ஆனதும் மேலே வைத்திருந்த பேனல் காணோம், வால்பேப்பர் மாறிவிட்டது, ஒரு கிளிக்கில் திறந்த ஃபோல்டர் இரண்டு கிளிக் கேட்கிறது, தீம் அரைகுறையாக இருக்கிறது, நீங்களே வைத்த ஷார்ட்கட்களில் சில வேலை செய்யவில்லை, தமிழ்99 தட்டச்சும் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் "ஹோமில் இருக்கும் .கான்ஃபிக் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி லாகின் செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யாதீர்கள். உங்கள் செட்டிங்ஸ் அநேகமாக முழுசாக அந்த ஃபோல்டரிலேயே இருக்கின்றன. புதிய பிளாஸ்மா அவற்றில் சிலவற்றைப் படிக்காமல் இருக்கிறது, சிலவற்றை ஏற்க மறுக்கிறது, சிலவற்றை வேறு இடத்தில் தேடுகிறது. ஃபோல்டரை அழித்தால்தான் அவை உண்மையிலேயே தொலையும். இன்னொன்று, .கான்ஃபிக் என்பது பிளாஸ்மாவுக்கு மட்டும் சொந்தமான இடம் கிடையாது. குரோம், குரோமியம், பிரேவ் மூன்றும் தங்கள் புரொஃபைலை அதற்குள்தான் வைத்திருக்கின்றன. புக்மார்க், சேமித்த கடவுச்சொல், வரலாறு எல்லாம் அங்கேதான். லிப்ரேஆபீஸில் நீங்கள் சேர்த்த சொற்கள், விஎஸ் கோடின் செட்டிங்ஸ் எல்லாமும் அதே ஃபோல்டரில்தான் இருக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவருக்கு இதே மாதிரி பேனல் போய்விட்டது என்று போனில் நானே இந்த யோசனையைச் சொன்னேன். பேனல் வந்தது. ஆனால் அவர் ஆய்வுப் படிப்புக்காக ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்த புக்மார்க்குகள் அத்தனையும் குரோமியத்தோடு போய்விட்டன, வேறு நகலும் இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் நகல், அப்புறம்தான் மற்றது என்றே சொல்கிறேன்.

அதனால் இப்போதே ஹோமில் உள்ள .கான்ஃபிக், .லோக்கல் இரண்டையும் அப்படியே ஒரு வெளி டிஸ்கிலோ ஹோமிலேயே வேறு பெயரிலோ நகலெடுத்து வையுங்கள். கோப்பு மேலாளரான டால்ஃபினில் கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். டெர்மினலில் செய்தால் சிபி கட்டளைக்கு மைனஸ் ஏ கொடுங்கள், உரிமையும் நேரமும் மாறாமல் வரும். வெளி டிஸ்க் விண்டோஸ் வடிவத்தில் இருந்தால் நேரடியாக நகலெடுக்காமல் டார் கோப்பாகக் கட்டி வையுங்கள், இல்லையென்றால் அந்த உரிமை விவரங்கள் போய்விடும். இன்னொரு எச்சரிக்கை: டிஎம்பி ஃபோல்டரில் வைக்காதீர்கள். டெபியன் 13-இல் அந்த ஃபோல்டர் இயல்பாகவே ரேமில் இருக்கிறது, மெஷினை மறுபடி தொடங்கினால் உள்ளே வைத்தது போய்விடும். டெபியன் 12 பழக்கத்தில் அங்கே எதையாவது போட்டு வைத்தவர்களுக்கு இது பெரிய அடி.

சரி, நகல் ஆயிற்று. இனி எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இணையத்தில் தேடும்போது குழப்பம் வருவதற்குக் காரணம், கேடிஈயின் மூன்று தலைமுறை அறிவுரைகள் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான். 2008 ஜனவரியில் கேடிஈ 4 வந்த காலத்தில் செட்டிங்ஸ் எல்லாம் ஹோமில் .கேடிஈ அல்லது .கேடிஈ4 என்ற ஃபோல்டரில் இருந்தன, எந்தப் பெயர் என்பது விநியோகத்தைப் பொறுத்தது. 2014 ஜூலையில் வந்த பிளாஸ்மா 5 அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, மற்ற லினக்ஸ் மென்பொருள்கள் பின்பற்றும் பொது முறைக்கு மாறியது: செட்டிங்ஸ் .கான்ஃபிக்கில், தரவு .லோக்கலுக்குள் இருக்கும் ஷேரில், தற்காலிகக் கோப்பு .கேஷில். அந்த மாற்றத்தில்தான் பலருக்கு உண்மையாகவே செட்டிங்ஸ் வராமல் போயின, ஏனென்றால் பழைய ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரி 28-இல் வந்த பிளாஸ்மா 6 இடத்தை மாற்றவில்லை. 5 படித்த அதே ஃபோல்டர்களைத்தான் 6-உம் படிக்கிறது. ஆகவே ".கேடிஈ4-லிருந்து கோப்பை எடுத்துப் போடு" என்று தொடங்கும் எந்த வழிகாட்டியும் உங்களுக்கானது இல்லை.

கோப்புப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், ஃபோல்டரைத் திறந்தால் எது என்று தெரிந்துவிடும். பேனல், விட்ஜெட், வால்பேப்பர் எல்லாம் ஒரே கோப்பில், பெயர் பிளாஸ்மா என்று தொடங்கி நீளமாகப் போய் ஆப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும். பேனலின் உயரம், மிதப்பது போன்றவை பிளாஸ்மாஷெல்ஆர்சியில். ஜன்னல் நடத்தை கேவின்ஆர்சியில், நிறமும் எழுத்துருவும் கிளிக் பழக்கமும் கேடிஈகுளோபல்ஸில், ஷார்ட்கட்கள் கேகுளோபல்ஷார்ட்கட்ஸ்ஆர்சியில், விசைப்பலகை அமைப்பு கேஎக்ஸ்கேபிஆர்சியில். கான்சோல் புரொஃபைல்கள் மட்டும் .லோக்கலுக்குள் ஷேரில் கான்சோல் என்ற ஃபோல்டரில் இருக்கும். டூல்பார் மாற்றங்கள் அதே ஷேரில் கேஎக்ஸ்எம்எல்ஜியூஐ5 என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயரில் 5 இருக்கிறதே, பழையதுதானே என்று அதை அழித்துவிடாதீர்கள், பிளாஸ்மா 6-உம் அந்தப் பெயரையே பயன்படுத்துகிறது.

இப்போதே ஆப்லெட்ஸ்ஆர்சியை ஒரு எடிட்டரில் திறந்து பாருங்கள், சேமிக்க வேண்டாம், சும்மா பாருங்கள். உள்ளே கன்டெய்ன்மென்ட்ஸ் என்று எண்ணோடு பகுதிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் பிளக்இன் என்ற வரியில் பேனல் என்று வந்து, லொகேஷன் 3 என்று இருந்தால், அதுதான் நீங்கள் மேலே வைத்திருந்த பேனல். 3 என்றால் மேல் விளிம்பு, 4 கீழ், 5 இடது, 6 வலது. உங்கள் பழைய பேனல் அங்கே எழுத்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது, அப்கிரேடு உண்மையில் முடிந்ததா என்பது. டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்பில் இரண்டு கட்டமாகச் செய்யச் சொல்கிறது, முதலில் புதிய பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) சேர்க்காத சின்ன அப்கிரேடு, பிறகு ஃபுல்-அப்கிரேடு. பலர் முதல் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது இரண்டாவதில் ஒரு பிழை வந்து நின்றதைக் கவனிப்பதில்லை. அப்போது பிளாஸ்மாவின் ஒரு பகுதி 5.27-இலும் மறுபகுதி 6.3-இலும் நிற்கும், அந்த நிலையில் செட்டிங்ஸ் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. இன்ஃபோ சென்டரைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பிளாஸ்மா பதிப்பு தெரியும், 6.3 என்று இருக்க வேண்டும். ஃபுல்-அப்கிரேடை இன்னொரு முறை ஓட்டி, செய்ய ஒன்றும் பாக்கியில்லை என்று அது சொல்கிறதா என்றும் பாருங்கள்.

கூடவே டிஸ்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்கிரேடின்போது இறங்கிய பொதிகள் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்டின் கேஷில் பல ஜிபி தங்கியிருக்கலாம், ஹோமும் அதே பார்ட்டிஷனில் இருந்தால் அது நிரம்பி நிற்கலாம். நிரம்பிய டிஸ்கில் பிளாஸ்மாவால் எதையும் எழுத முடியாது. நீங்கள் மாற்றுகிறீர்கள், மாறியது போலத் தெரிகிறது, லாக்-அவுட் ஆகி வந்தால் பழையபடி. காரணம் அந்தக் கேஷ் என்றால் ஆப்ட் கிளீன் ஒரு முறை ஓட்டினால் இது தீரும். இதே அறிகுறி கோப்பு உரிமையாலும் வரும். எப்போதாவது சூடோ போட்டு (அதாவது நிர்வாகியான ரூட்டின் உரிமையில்) ஒரு வரைகலைச் செயலியைத் திறந்திருந்தால் ஹோமுக்குள் சில கோப்புகள் ரூட் பெயரில் மாறியிருக்கும், உங்கள் பெயரில் இயங்கும் பிளாஸ்மா அவற்றில் எழுத முடியாது. டெர்மினலில் .கான்ஃபிக்குக்குள் பட்டியல் எடுத்து ரூட் என்று எதற்காவது வந்தால் சௌன் கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இது முடிந்ததும் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் லாகின் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் சிக்கல் உங்கள் ஹோமுக்குள் மட்டும்தான். அங்கேயும் பேனல் வரவில்லை, திரை கறுப்பாக இருக்கிறது என்றால் உங்கள் செட்டிங்ஸைத் தொடவே தேவையில்லை, சிக்கல் பொதிகளில் அல்லது கிராஃபிக்ஸ் டிரைவரில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் இரவெல்லாம் கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு ஒரே மூலம்தான் இருக்கும் என்று தோன்றுகிறது: ஜன்னல்களைத் திரையில் காட்டும் முறையில் நீங்கள் பழைய எக்ஸ்11-லிருந்து புதிய வேலண்டுக்கு வந்துவிட்டீர்கள், அது உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. லாகினில் தேர்ந்தெடுக்கும் செஷன்களுக்கான (டெஸ்க்டாப் அமர்வுகளுக்கான) கோப்புகளில் பிளாஸ்மா என்று மட்டும் பெயருள்ள ஒன்று இருக்குமே, பிளாஸ்மா 5-இல் அது எக்ஸ்11-ஐக் குறித்தது, வேலண்ட் வேண்டுமென்றால்தான் வேறு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளாஸ்மா 6-இல் இது தலைகீழ். சும்மா பிளாஸ்மா என்றால் இப்போது வேலண்ட், எக்ஸ்11-க்குத்தான் தனிப் பெயர். எதையும் மாற்றாமல் கடவுச்சொல்லை மட்டும் அடித்து உள்ளே போனவர்கள் எல்லாரும் வேறு ஒரு செஷனுக்குள் போயிருக்கிறார்கள். இன்ஃபோ சென்டரில் கிராஃபிக்ஸ் பிளாட்ஃபார்ம் என்ற வரியைப் பாருங்கள், அங்கே எது என்று எழுதியிருக்கும்.

செஷன் மாறினால் செட்டிங்ஸ் ஏன் போக வேண்டும்? சில செட்டிங்ஸ் இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் இருப்பதால். மானிட்டர்களின் வரிசை, அளவுப் பெருக்கம் எல்லாம் எக்ஸ்11-இல் .லோக்கலுக்குள் கேஸ்கிரீன் ஃபோல்டரில் இருந்தன, பிளாஸ்மா 6 வேலண்டில் கேவின்அவுட்புட்கான்ஃபிக் என்ற ஒரு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. டச்பேடுக்கும் இதே கதைதான், தட்டினால் கிளிக் ஆவது, உருட்டும் திசை இவற்றை ஒரு முறை மறுபடி வைத்துவிடுங்கள். ஹோமில் .எக்ஸ்புரொஃபைல் வைத்து அதில் ஏதாவது ஓட விட்டிருந்தால் அது வேலண்டில் படிக்கப்படாது, .கான்ஃபிக்குக்குள் பிளாஸ்மா-வொர்க்ஸ்பேஸ் என்ற ஃபோல்டரில் என்வ் என்று இருக்கிறதே, சூழல் மாறிகளை ஒரு சின்ன ஷெல் கோப்பாக அங்கே போட்டால் இரண்டு செஷனிலும் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்மாட்மேப் போன்ற எக்ஸ் காலத்துக் கருவிகளை நம்பி விசைகளை மாற்றி வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியதுதான், அவை வேலண்டில் பயன்படாது.

உங்கள் பேனல் விஷயம் இங்கேதான் வருகிறது. பிளாஸ்மா ஒவ்வொரு பேனலையும் ஒவ்வொரு டெஸ்க்டாப்பையும் ஒரு திரையோடு முடிச்சுப் போட்டு வைக்கிறது, ஆப்லெட்ஸ்ஆர்சியில் லாஸ்ட்ஸ்கிரீன் என்ற வரி அதற்குத்தான். எந்த எண் எந்த மானிட்டர் என்பது வேறு இடத்தில் இருக்கும். எக்ஸ்11-இல் ஹெச்டிஎம்ஐ-1 என்று பெயர் வாங்கிய அதே மானிட்டர் வேலண்டில் ஹெச்டிஎம்ஐ-ஏ-1 என்று வரும். வயர் அதே வயர்தான், ஆனால் பிளாஸ்மாவைப் பொறுத்தவரை பழைய திரை கழற்றப்பட்டு புதியது ஒன்று வந்திருக்கிறது. அதனால் புதிய திரைக்குப் புது டெஸ்க்டாப்பும் இயல்பு வால்பேப்பரும் போடுகிறது, பழைய திரையின் பேனல் அந்தத் திரை வரட்டும் என்று காத்திருக்கிறது.

இதற்குக் கோப்பைத் திருத்தத் தேவையே இல்லை. டெஸ்க்டாப்பின் மேல் வலது கிளிக் செய்து எடிட் மோடுக்குள் போங்கள், மேலே வரும் பட்டையில் டெஸ்க்டாப்களையும் பேனல்களையும் நிர்வகிக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் இப்போது இணைக்கப்பட்ட திரைகளும், திரை இல்லாமல் நிற்கும் பழைய பேனல்களும் படமாகத் தெரியும். பழைய பேனலை உங்கள் திரைக்கு நகர்த்தச் சொன்னால் விட்ஜெட்டுகளோடு அப்படியே வந்து உட்காரும். புதிதாகப் பேனல் உருவாக்கி ஒவ்வொரு விட்ஜெட்டாக மறுபடி அடுக்கத் தொடங்கும் முன் இதைப் பாருங்கள்.

இரண்டு கிளிக் பிரச்சினைக்குக் காரணம் முற்றிலும் வேறு, எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. கேடிஈ செயலிகள் நீங்கள் இயல்பிலிருந்து மாற்றியதை மட்டும்தான் பொதுவாகக் கோப்பில் எழுதும். ஒரு கிளிக்கில் திறப்பது பிளாஸ்மா 5-இன் இயல்பு. உங்களுக்கு அது பிடித்திருந்தது, அதனால் தொடவில்லை, அதனால் கோப்பில் எதுவும் எழுதப்படவில்லை. பிளாஸ்மா 6 இயல்பை இரண்டு கிளிக்காக மாற்றியது. கோப்பைப் பார்க்கிறது, உங்கள் விருப்பம் என்று ஒன்றுமே இல்லை, தன் புதிய இயல்பைப் போடுகிறது. உங்கள் செட்டிங்ஸ் தொலைந்ததாக உங்களுக்குத் தோன்றுகிறது, ஆனால் அப்படி ஒரு செட்டிங் எழுதப்பட்டதே இல்லை. பழைய நகலிலிருந்து எத்தனை முறை கோப்பை எடுத்துப் போட்டாலும் இது திரும்பாது! சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பிஹேவியர் பக்கத்துக்குப் போய் ஒரு முறை நீங்களே சொல்ல வேண்டும், அப்புறம் கேடிஈகுளோபல்ஸில் சிங்கிள்கிளிக் ட்ரூ என்று எழுதிவிடும், அடுத்த அப்கிரேடில் யார் இயல்பை மாற்றினாலும் உங்களுடையது நிற்கும்.

இதே வகையில் இன்னும் சில இருக்கின்றன. பேனல் விளிம்பை ஒட்டாமல் மிதப்பது, ஆல்ட்-டேப் அழுத்தினால் பக்கவாட்டுப் பட்டைக்குப் பதிலாகச் சின்னப் படங்கள் கட்டமாக வருவது, ஸ்க்ரோல்பாரின் வெற்று இடத்தில் கிளிக் செய்தால் ஒரு பக்கம் நகராமல் நேராக அந்த இடத்துக்கே போய்விடுவது. மூன்றும் பிளாஸ்மா 6-இன் புதிய இயல்புகள்தான், மூன்றையும் செட்டிங்ஸில் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

தீம் அரைகுறையாக இருப்பதற்கு வருவோம். செயலிகளின் வரைகலைக்கான க்யூடி என்ற நூலகத்தின் 6-ஆம் பதிப்பின் மேல் கட்டப்பட்டது பிளாஸ்மா 6. நீங்கள் வெளியிலிருந்து இறக்கிய விட்ஜெட்டுகளும் குளோபல் தீம்களும் பிளாஸ்மா 5-க்காக எழுதப்பட்டவை. விட்ஜெட்டின் மெட்டாடேட்டா கோப்பில் அது எந்த பிளாஸ்மாவுக்கானது என்று குறிப்பிடாவிட்டால் 6 அதை ஓட்டவே ஓட்டாது, அந்த இடத்தில் இது பழைய பதிப்புக்கானது என்று ஒரு அறிவிப்பு மட்டும் தெரியும். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, கோப்பை எங்கே வைத்தாலும் மாறாது. எழுதியவர் 6-க்கு மாற்றியிருந்தால் கேடிஈ ஸ்டோரில் புதியது கிடைக்கும், இல்லையென்றால் அந்த விட்ஜெட்டை எடுத்துவிட்டு வேறு பார்க்க வேண்டும். குவான்டம் என்ற தீம் கருவியைப் பயன்படுத்தியிருந்தால் க்யூடி 6-க்கான அதன் பகுதியும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், க்யூடி 5 பகுதி மட்டும் இருந்தால் புதிய செயலிகள் எல்லாம் இயல்புத் தோற்றத்துக்குப் போய்விடும், பழைய செயலிகள் மட்டும் தீமோடு நிற்கும். அரைகுறைத் தோற்றம் பெரும்பாலும் இதுதான்.

தீமைச் சரிசெய்யும்போது ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். குளோபல் தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுக்கும்போது, தோற்றத்தை மட்டும் மாற்றவா, டெஸ்க்டாப் மற்றும் ஜன்னல் அடுக்கையும் மாற்றவா என்று கேட்கும். இரண்டாவதை டிக் செய்தால் உங்கள் பேனல்கள் அத்தனையும் அந்தத் தீமின் அடுக்குக்கு மாறிவிடும். அப்கிரேடு விட்டுவைத்த பேனலை இந்த ஒரு டிக்கில் தாங்களே இழந்தவர்கள் உண்டு, அவசரத்தில் யாருக்கும் நடக்கக்கூடியது.

ஷார்ட்கட்களில் எவை வேலை செய்யவில்லை என்று நீங்கள் சொல்லவில்லை. செயலியைத் திறப்பது, ஜன்னலை நகர்த்துவது போன்றவை கேகுளோபல்ஷார்ட்கட்ஸ்ஆர்சியில் இருந்து வரும், அவை பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் பிளாஸ்மா 5-இல் கஸ்டம் ஷார்ட்கட்ஸ் என்று தனிப் பக்கம் இருந்ததே, அதன் பின்னால் ஓடிய கேஹாட்கீஸ் என்ற பகுதி பிளாஸ்மா 6-இல் கிடையாது. மவுஸைக் கோடு போல இழுத்தால் ஒரு வேலை நடப்பது, ஒரு விசையை அழுத்தினால் வேறு விசைகளை அடித்துக் கொடுப்பது எல்லாம் அதோடு போய்விட்டன. கட்டளை ஓட்டும் ஷார்ட்கட் மட்டும்தான் என்றால் ஷார்ட்கட்ஸ் பக்கத்தில் புதிதாகச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி கமாண்ட் என்று தேர்ந்தெடுத்து மறுபடி கொடுக்கலாம். என்ன கட்டளை வைத்திருந்தோம் என்று மறந்திருந்தால் கவலை வேண்டாம், .கான்ஃபிக்கில் கேஹாட்கீஸ்ஆர்சி என்று பழைய கோப்பு இன்னும் கிடக்கும், திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ்99. இது போனால் நம்மில் பலருக்கு வேலையே நின்றுவிடும், எனக்கும் அப்படித்தான். நீங்கள் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில், எம்17என் என்ற தட்டச்சு முறைத் தொகுப்பு வழியாகத் தமிழ்99 வைத்திருந்தால் அந்தத் தேர்வு எங்கும் போகவில்லை, ஐபஸ் தன் செட்டிங்ஸை டிகான்ஃப் என்ற தனிச் சேமிப்பில் வைக்கிறது, பிளாஸ்மா அதைத் தொடுவதில்லை. எக்ஸ்11-இல் லாகின் ஆகும்போதே ஐம்-கான்ஃபிக் என்ற கருவி ஐபஸ்ஸை எழுப்பிவிடும். பிளாஸ்மா வேலண்டிலோ உள்ளீட்டு முறையைத் தொடங்குவது பிளாஸ்மாவின் ஜன்னல் மேலாளரான கேவினின் வேலை, எதைத் தொடங்க வேண்டும் என்று நீங்கள் அதற்குச் சொல்ல வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதியில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தைத் திறங்கள். பெயரைப் பார்த்து தொடுதிரைக்கானது என்று யாரும் அதற்குள் போவதில்லை, இந்தச் சிக்கலுக்கு விடை கிடைக்காமல் அலைவதற்கு அந்தப் பெயரே பாதிக் காரணம். உள்ளே ஐபஸ் வேலண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அப்ளை கொடுத்தால் தமிழ் வந்துவிடும். ஐபஸ்ஸுக்குப் பதிலாக எஃப்சிஐடிஎக்ஸ் 5 பயன்படுத்துபவர்கள் அதே பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு ஜிடிகே, க்யூடி இரண்டுக்குமான ஐஎம் மாட்யூல் மாறிகளை எடுத்துவிடச் சொல்லி ஒரு அறிவிப்பு வந்தால், பழைய புரொஃபைல் கோப்புகளில் நீங்கள் எழுதியிருந்த அந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு லாக்-அவுட் ஆகி வாருங்கள். ஐபஸ் இல்லாமல் நேராக விசைப்பலகை அமைப்பாகவே தமிழைச் சேர்த்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வராது, கேஎக்ஸ்கேபிஆர்சியை இரண்டு செஷனும் படிக்கும்.

இதெல்லாம் செய்தும் ஏதாவது கோப்பைக் கையால் திருத்தியோ பழைய நகலிலிருந்து எடுத்தோ போட வேண்டியிருந்தால், பிளாஸ்மா ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யாதீர்கள். பிளாஸ்மாஷெல் தன் அடுக்கை நினைவில் வைத்திருக்கிறது, வெளியேறும்போது அதை மறுபடி கோப்பில் எழுதும், நீங்கள் போட்ட கோப்பின் மேலேயே எழுதும். "பேக்கப்பைப் போட்டேன், மறுபடி லாகின் செய்தால் பழைய குருடி கதவைத் திறடி" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இதில் மாட்டியவர்கள்தான். லாக்-அவுட் ஆகுங்கள், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள், அங்கே கோப்பை மாற்றிவிட்டு வெளியேறி, பிறகு வரைகலை லாகினுக்கு வாருங்கள். அப்படியே .கேஷ் ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிடலாம், ஹோமில் கவலையில்லாமல் தூக்கிப் போடக்கூடிய ஒரே ஃபோல்டர் அதுதான், எல்லாம் தானாக மறுபடி உருவாகும். பழைய ஐகான்கள், உடைந்த தீம் துண்டுகள் திரையில் நிற்பது சில நேரம் அதனால்தான்.

எந்தக் கோப்பு சிக்கல் என்று தெரியவில்லை என்றால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். பிளாஸ்மா சம்பந்தப்பட்ட கோப்புகளை மட்டும் ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்தி லாகின் செய்யுங்கள். சிக்கல் தீர்ந்ததா, பாதியைத் திருப்பிப் போடுங்கள். மறுபடி வந்தால் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. நாலைந்து முறையில் ஒரு கோப்புக்கு வந்துவிடலாம், மற்ற செட்டிங்ஸ் எல்லாம் தப்பிக்கும்.

அப்கிரேடுக்கு முன் எடுத்த பேக்கப் உங்களிடம் இருந்தால் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். பதிப்பு மாறும்போது பழைய கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலையை கேகான்ஃப் அப்டேட் என்ற கருவி செய்கிறது. எடுத்துக்காட்டாக, மின்சேமிப்பு செட்டிங்ஸ் பவர்மேனேஜ்மென்ட்புரொஃபைல்ஸ்ஆர்சி என்ற பழைய கோப்பிலிருந்து பவர்டெவில்ஆர்சிக்குப் போனது இப்படித்தான். எந்த மாற்றமெல்லாம் முடிந்தது என்று அது கேகான்ஃப் அப்டேட்ஆர்சி என்ற கோப்பில் குறித்து வைக்கும். நீங்கள் இப்போது பழைய மின்சேமிப்புக் கோப்பை மட்டும் எடுத்துப் போட்டால், இது ஏற்கெனவே முடிந்த வேலை என்று கருவி திரும்பிக்கூடப் பார்க்காது, உங்கள் கோப்பு படிக்கப்படாமல் கிடக்கும். பழைய நிலையிலிருந்து மாற்றம் மறுபடி நடக்க வேண்டுமென்றால் பேக்கப்பில் உள்ள கேகான்ஃப் அப்டேட்ஆர்சியையும் சேர்த்து, பிளாஸ்மா கோப்புகளை ஒரே தொகுப்பாகத் திருப்பிப் போட வேண்டும்.

சிஸ்டத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, பின்னோக்கிப் போய்விடலாமா என்று நினைத்தால், டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோமை எடுப்பதில்லை. சிஸ்டம் டெபியன் 12-க்குப் போகும், ஹோம் பிளாஸ்மா 6 எழுதிய நிலையிலேயே இருக்கும், 5 அதைப் படிக்கும். அந்தக் கலவையைச் சரிசெய்வது இப்போதுள்ளதைவிடக் கஷ்டம்.

இதே கேள்வியோடு வரும், க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்பின் பயனர்களுக்கும் ஒரு வார்த்தை. டெபியன் 12-இல் இருந்தது க்னோம் 43, 13-இல் இருப்பது 48. இடையில் 2023 செப்டம்பரில் வந்த 45 எக்ஸ்டென்ஷன்கள் எழுதும் முறையையே மாற்றிவிட்டது, அதனால் பழைய எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட மாற்றி எழுதப்படாமல் ஓடாது. டாக் போயிற்று, மேல் பட்டை மாறிற்று என்பவை எல்லாம் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் கதைதான். செட்டிங்ஸ் .கான்ஃபிக்குக்குள் டிகான்ஃப் ஃபோல்டரில் யூசர் என்ற ஒரே பைனரிக் கோப்பில் இருக்கும். அப்கிரேடுக்கு முன் டிகான்ஃப் டம்ப் கட்டளையால் அதை எழுத்துக் கோப்பாக எடுத்து வைத்தால் பிறகு வேண்டிய பகுதியை மட்டும் திருப்பி ஏற்றலாம். எக்ஸ்எஃப்சிஈ டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்புகளாகவே இருக்கின்றன, ஆனால் எக்ஸ்எஃப்கான்ஃப்டி என்ற சேவை அவற்றை நினைவில் பிடித்து வைத்திருக்கும், ஆகவே அங்கேயும் லாக்-அவுட் ஆன பிறகே கோப்பைத் தொட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது: இன்று நகலும் செஷன் சோதனையும், அப்புறம் எடிட் மோடில் பேனலைத் திருப்புவது, விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் ஐபஸ். அதன் பிறகும் ஏதாவது வரவில்லை என்றால் இன்ஃபோ சென்டரின் முதல் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கள், புதிய பயனர் கணக்கில் என்ன தெரிந்தது என்பதையும், ஆப்லெட்ஸ்ஆர்சியில் லொகேஷன் 3 உள்ள பகுதியில் லாஸ்ட்ஸ்கிரீன் என்ன எண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடுத்த நகலை அதுவரை அழிக்க வேண்டாம்.